பொங்கல் பானையில் வெந்த ஊசி

எட்டு வயது வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. அறுபதுகளில், செஞ்சிக் கடைத்தெருவில், ஒரு பெண்பிள்ளை அந்த வயதில் வெறும் காதோடு திரிவது லேசான அவமானம் இல்லை. கைக்குழந்தைகள் எல்லாம் கம்மல் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தன. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மூளி' என்று பெயர். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வருகிறவர்கள்கூட, "இன்னா மொதலாளி, பாப்பாவுக்கு இன்னும் காது குத்தலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார்கள். நைனா தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே, "குத்தணும், குத்தணும்" என்பார். வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூளி என்றால் நான் சும்மா விட மாட்டேன். எனக்கு வாய் அதிகம். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் தூங்கும்போதுதான் நிறுத்துவேன், தூக்கத்திலும் பேசுவேன் என்று அம்மா சொல்வாள். கடைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் மாட்டின் பெயர்வரைக்கும் விசாரிப்பேன். "வாய மூடுடி" என்பது எங்கள் வீட்டில் சாமி பெயரைவிட அதிகமாக உச்சரிக்கப்பட்ட சொல். அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள், கிணற்றடியிலிருந்து சொல்வாள், கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடும்போதும் கண்ணைத் திறக்காமலே சொல்வாள்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர்; மல்லாட்டைப் புண்ணாக்கின் வாசனை எங்கள் துணியிலும் சோற்றிலும்கூட இருக்கும். இன்றைக்கும் எங்காவது செக்கைத் தாண்டிப் போகும்போது அந்த வாசனை வந்தால் நான் நின்றுவிடுகிறேன். கொல்லையில் நின்றால் கோட்டை மலை தெரியும். அங்கிருந்து இறங்கி வருகிற குரங்குகள் எங்கள் பருத்திக்கொட்டை மூட்டையைப் பிரிக்கும். அவற்றை விரட்டுவதும் என் வாயின் வேலைதான்.

ஏன் எனக்குக் காது குத்தவில்லை என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்திருக்கிறாள். ஒரு வயது முடிந்ததும் வீட்டிலேயே பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிக் காது குத்தியிருக்கிறார்கள். குழந்தை அன்று அழுததோடு சரி, மறுநாள் கம்மலை ஆட்டிக்கொண்டு விளையாடியிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு காலையில் பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. அம்மா விரலால் திறந்து பார்த்தாள், முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. ஜன்னி என்றார்கள். பிறகு அக்கா இல்லை.

அது எதனால் வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நைனாவின் அக்கா, அதாவது வல்லத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, அது சாமி குத்தம் என்றாள். மேல்மலையனூர் அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். அவள் சந்நிதியில் குத்தவேண்டிய காதை வீட்டில் குத்தினால் அவள் பார்த்துக்கொண்டிருப்பாளா? அம்மா என் காது பக்கம் யாரையும் வர விடவில்லை.

அந்தக் காலத்தில் காது குத்துவதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. முதலில் பார்ப்பது கைராசி. அப்புறம் நல்ல நாள், அப்புறம் தங்கம். தங்கக் கம்பி என்றால் சீழ் பிடிக்காது என்று ஒரு கட்சி. எலுமிச்சை முள்தான் குளிர்ச்சி என்று இன்னொரு கட்சி. சந்தைக்கு வருகிற வளையல்காரியே போதும், அவள் பேச்சு கொடுத்துக்கொண்டே குத்திவிடுவாள் என்று வேறு சிலர். ஊசி இதற்கு முன்னால் எந்தக் காதில் இருந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது நகைக்கடையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து 'டக்' என்று குத்துகிறார்கள். அதை எதில் துடைத்தாய், எப்போது துடைத்தாய் என்று நான் அந்தப் பெண்ணைக் குடைந்தால், கூட வந்தவர்கள் என்னைத் தெரியாதவர்கள்போல வளையல் பார்க்கப் போய்விடுகிறார்கள். போகட்டும். நான் கேட்காமல் விடுவதில்லை.

எங்கள் தெருவில் கைராசிக்காரர் என்றால் பத்தர்தான். நகை செய்கிறவர். எண்ணெய் வழிகிற சின்னக் குடுமி, சிரித்த முகம். கடைத்தெருவில் பாதிக் காதுகள் அவர் குத்தியவை. அக்காவுக்குக் குத்தியதும் அவர்தான். அம்மா அவரைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் கொல்லையில் துருப்பிடித்த ஆணி ஒன்று என் காலில் ஏறியது. நான் கத்தியதைவிட அம்மா அதிகம் கத்தினாள். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கால் இரண்டும் தரையில் இழுபட, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு நர்சம்மா இருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டவ்வின் மேல் ஒரு சின்னத் தட்டத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் கண்ணாடிக் குழாயும் ஊசிகளும் குதித்தன. எனக்கு ஊசி போட்டபோது நான் ஊரைக் கூட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அந்தத் தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இத வேக வெக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் ஒடம்புல போனது அடுத்தவங்களுக்குப் போகக் கூடாதில்ல?" என்றார் நர்சம்மா. "அழுக்கு ஊசின்னா ஜன்னி வந்துடும்."

அவருக்கு அது நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. அம்மா, "ஜன்னியா?" என்று ஒரு தடவை திரும்பக் கேட்டாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் நான்தான் பேசினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கால் வலி எனக்கு, நீ ஏன் அழுகிறாய் என்று நான் கோபித்துக்கொண்டதாக ஞாபகம்.

அடுத்த தை மாதம் அத்தை வல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அவனுக்கு மலையனூரில் காது குத்துவதாக முடிவு. அவனுக்குத் தாய்மாமன் நைனா. ஆகவே நைனா மடியில்தான் அவன் உட்கார வேண்டும்.

"ரெண்டு புள்ளைக்கும் ஒண்ணாக் குத்திடலாம்டா தம்பி," என்றாள் அத்தை. "ஒரே பொங்க, ஒரே பத்தரு. ஒம் பொண்ண இன்னும் எத்தினி நாளைக்கு மூளியா வெச்சிருப்ப? அம்மா சந்நிதியில குத்துனா ஒரு கொறையும் வராது."

நைனா அம்மாவைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, அம்மா சரி என்று சொல்ல வேண்டும் என்று எல்லா சாமியையும் கூப்பிட்டேன். எனக்குக் கம்மல் வேண்டும். செத்துப்போவதைப் பற்றி எனக்கு யோசனை இல்லை, மூளி என்று கூப்பிடுகிற வாய்களை அடைக்க வேண்டும்.

அம்மாவின் சங்கடம் எனக்கு அப்போது புரியவில்லை. அத்தை மகனுக்குத் தலை நிறையச் சிரங்கு. கந்தகம் குழைத்துப் பூசியிருந்தார்கள், காது மடல்வரைக்கும் இறங்கியிருந்தது. இரண்டு பிள்ளைக்கும் ஒரே ஊசி. வேறு ஊசி கொண்டுவாருங்கள் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தை அன்றோடு எங்கள் வாசலை மிதிக்க மாட்டாள். தவமிருந்து பெற்ற பிள்ளையைத் தீண்டத் தகாதவனாகப் பார்த்தாய் என்ற பேச்சு வல்லத்திலிருந்து செஞ்சிவரைக்கும் போகும். வேண்டாம் என்று மறுத்தால், அம்மனையே மறுத்ததாகும்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "குத்தலாம் அண்ணி. ஆனா எனக்கு ஒரு வேண்டுதல் இருக்குது."

"இன்னா வேண்டுதல்?"

"இவளுக்கு ஆணி ஏறுனப்ப அங்காளம்மாகிட்ட வேண்டிக்கினேன். பொங்கப் பானையில தண்ணி கொதிக்கும்போது ஊசியப் போட்டு எடுத்துத்தான் குத்தறதுன்னு. ஒவ்வொரு புள்ளைக்கும் போட்டுப் போட்டு எடுக்கணும்."

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். இப்படி ஒரு வேண்டுதலை யாரும் கேட்டதில்லை. ஆனால் வேண்டுதலை யார் தட்ட முடியும்? "அம்மாவுக்கு வேண்டிக்கினா செய்யறதுதான்," என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாள். அம்மா அப்படி எதையும் வேண்டிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆணி ஏறிய நாள் முழுக்க நான் அவள் இடுப்பில்தான் இருந்தேன். வாய் திறக்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே மூடிக்கொண்டேன்.

அமாவாசைக் கூட்டம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை மலையனூருக்குப் போனோம். என் தாய்மாமன் முதல்நாளே சீரோடு வந்திருந்தார். புதுப் பாவாடை, தேங்காய் பழம், கம்மல், ஒரு கட்டுக் கரும்பு. பஸ்ஸில் நான் ஜன்னலோரம். பத்தர் முன் இருக்கையில் குடுமியை ஆட்டிக்கொண்டு கண்டக்டரிடம் கதையளந்தார். வயலெல்லாம் மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அந்தப் பயணம் முடியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எல்லோரும் இருந்தார்கள், எல்லோரும் எனக்காக வந்திருந்தார்கள்.

கோயிலுக்கு வெளியே மூன்று கல் கூட்டிப் புதுப்பானை வைத்தாள் அம்மா. பக்கத்தில் இன்னும் சிறியதாக ஒரு பானை, அது ஊசிக்கு. தண்ணீர் கொதித்ததும் பத்தரிடம் ஊசியைக் கேட்டு வாங்கினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, நீயும் புள்ள பெத்தவதான்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போட்டாள். அம்மன் பெயரில் பொய் சொன்னதற்கு அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு என்று நினைக்கிறேன். அப்புறம் பையிலிருந்து ஒரு சிவப்பு சோப்பை எடுத்து, அதுவும் வேண்டுதல்தான் என்று சொல்லிப் பத்தரைக் கை கழுவ வைத்தாள். பத்தர் சிரித்துக்கொண்டே கழுவினார். "அங்காளம்மாவுக்கு எல்லாம் புது மாதிரி வேண்டுதலா இருக்குதே!"

மூத்தவள் என்பதால் நான்தான் முதல். மாமா மடியில் உட்கார்ந்தேன். அத்தை மகன் நைனா மடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டினான். அம்மா கரண்டியால் ஊசியை எடுத்து, வேகவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியில் வைத்து நீட்டினாள். பத்தர் எடுத்தார். என் காதைப் பிடித்தார். பிடித்தவர், வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக, ஆயிரம் காது குத்திய பழக்கத்தில், ஊசியைத் தன் குடுமியில் ஒரு இழு இழுத்தார்.

அம்மா அலறினாள்.

மேளக்காரர் நிறுத்திவிட்டார். பக்கத்தில் மொட்டையடித்துக்கொண்டிருந்தவர்கூடப் பாதி மொட்டையோடு திரும்பிப் பார்த்தார். அம்மா பாய்ந்து வந்து பத்தரின் கையைத் தட்டிவிட்டாள். "எம் மொதப் பொண்ணுக்கும் இப்பிடித்தான தலையில தேச்சுக் குத்துனீங்க! அந்தப் பச்ச மண்ணு வாயத் தெறக்காமயே போச்சே! இவளாச்சும் எனக்கு வேணும், எனக்கு இவ வேணும்!"

பத்தரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நைனா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவைப் பற்றி அம்மா வாய்விட்டுப் பேசியதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. வேண்டுதல் என்பதெல்லாம் அங்கே உடைந்து கிடந்தது. இனி அத்தை எழுந்து ஆடப் போகிறாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போகிறாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அத்தை எழுந்தாள். மண்ணில் கிடந்த ஊசியைப் பொறுக்கிச் சிறிய பானைக்குள் போட்டாள். குனிந்து இன்னும் இரண்டு விறகைத் தள்ளினாள்.

"கொதிக்கட்டும்," என்றாள். "பத்தரே, நீங்க திரும்பக் கைய கழுவுங்க."

அப்புறம் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். "அன்னிக்கு அந்தப் புள்ளையோட தலையப் புடிச்சிக்கினு நின்னது நானுதான்டி. இவரு குடுமியில தேச்சத நானும் பாத்தேன். அதுல இன்னா இருக்குதுன்னு நமக்கு யாரு சொன்னா? சாமி குத்தம்னு சொல்லிச் சொல்லித்தான் நானும் என்னத் தேத்திக்கினேன்." மூக்கைச் சிந்திப்போட்டாள். "நீ ஒண்ணும் வேண்டிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எம் புள்ள தலையப் பாத்துட்டுதான் நீ சொல்றன்னும் தெரியும். நான் ஏதாச்சும் கேட்டனா?"

அம்மா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இப்படி நின்றதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஊசி வெகுநேரம் கொதித்தது. கொதித்த ஊசியை அத்தையே எடுத்துக் கொடுத்தாள். பத்தர் அதை எதிலும் தேய்க்கவில்லை. ஆகவே வழுக்காமல் இறங்கி, எனக்கு உயிர் போகிற மாதிரி வலித்தது. நான் பத்தரையும் மாமாவையும் அவர்கள் வம்சத்தையும் திட்டிய திட்டில் மலையனூரே சிரித்தது. பிறகு ஊசி மறுபடி பானைக்குள் போய், அத்தை மகனுக்கு. அவன் நைனாவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். காது குத்திக்கொண்டவனுக்கு வராத ரத்தம் நைனாவுக்கு வந்தது. அக்காவின் கம்மலை அம்மா அன்றுவரை பத்திரமாக வைத்திருந்தாள். அதை உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கெடுபிடி. அத்தையும் எங்களோடு தங்கிவிட்டாள். தெருவில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் வை, விளக்கெண்ணெய் வை, வேப்பங்குச்சி சொருகு. அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீர், வெள்ளைத் துணி, கழுவிய கை. வேறு எதுவும் என் காதைத் தொடவில்லை.

தினமும் விடிந்ததும் அம்மா என் பாய் அருகில் வந்து உட்காருவாள். "வாயத் தெற," என்பாள். நான் ஆ என்று திறப்பேன். "இன்னும்." இன்னும் திறப்பேன். உள்ளே பார்ப்பாள், தாடையைத் தடவிப் பார்ப்பாள், பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போவாள். அந்த நாட்களில் நான் எவ்வளவு பேசினாலும் ஒரு தடவைகூட வாய மூடு என்று சொல்லவில்லை. நைனா சொல்ல ஆரம்பித்தாலும், "பேசட்டும் உடுங்க" என்றாள். எனக்கோ ராஜபோகம். கம்மலும் வந்தது, பேச்சுக்குத் தடையும் போனது.

காது ஆறிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒருநாள் காலையில், "வாயத் தெற" என்றதும் திறந்தேன், பாதியில் நின்றது. "வலிக்குதும்மா," என்றேன்.

அம்மாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. என்னை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். செருப்பு இல்லை, தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கடைத்தெரு அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் செம்போடு நின்றார்கள். பின்னால் அத்தை 'அங்காளம்மா, அங்காளம்மா' என்று கூவிக்கொண்டு ஓடிவந்தாள். அம்மாவின் நெஞ்சு என் வயிற்றில் இடி இடித்தது. அந்த இடிதான் எனக்குப் பயம் காட்டியது. அதுவரைக்கும் நான் சாகக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதே நர்சம்மாதான். என் தாடையைப் பிடித்து அழுத்தினார், வாயைத் திறக்கச் சொன்னார், வலியோடு திறந்தேன், நன்றாகவே திறந்தது. கழுத்தை வளைத்துப் பார்த்தார். காதைப் பார்த்தார். "காது சுத்தமா ஆறியிருக்கே," என்றார். பிறகு என் கன்னத்தில் தட்டி, "நேத்து என்ன தின்ன?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்ல விருப்பம் இல்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கரும்பு," என்றேன்.

"எவ்வளவு?"

மாமா கொண்டுவந்த கட்டில் மிச்சம் இருந்ததையெல்லாம் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, அத்தை மகனுக்குக்கூடக் கொடுக்காமல், சாயங்காலம் முழுக்கக் கடித்துத் தின்றிருந்தேன். நர்சம்மா சிரித்துவிட்டார். அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா என் முதுகில் ஒரு அறை வைத்துவிட்டு, அறைந்த இடத்தையே தடவினாள்.

கொதிக்க வைத்தால் மட்டும் ஜன்னிக் கிருமி முழுக்கச் செத்துவிடாது என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரம்மா எனக்குச் சொன்னார். அதை நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

திரும்பி நடந்தே வந்தோம். தப்பித்த சந்தோஷத்தில் எனக்கு வாய் இன்னும் பெருகிவிட்டது. தெருவில் நிற்கிற ஒவ்வொருவரிடமும், "எனக்கு ஒண்ணுமில்ல, கரும்புதான்" என்று கூவிக்கொண்டு வந்தேன். கடைசியில் அம்மா பொறுக்க முடியாமல், "வாய மூடுடி, ஊரே கேக்குது!" என்றாள்.

எத்தனையோ நாளைக்கு அப்புறம் கேட்ட வார்த்தை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போயிருப்போம். அம்மா நின்றாள். குனிந்து என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண் நிறையத் தண்ணீர்.

"ஏன்டி பேசாம வர?" என்றாள். "ஏதாச்சும் பேசுடி."